லேப்டாப்பில் பழுதில்லை

மூடியைத் திறக்கும்போது இரண்டு கையாலும் பிடித்துத் திறக்கச் சொல்லுங்கள். இடதுபக்கக் கீல் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. ஒரு கையால் தூக்கினால் திரை முறுக்கிக்கொள்ளும். உங்கள் ஆட்கள் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, சீட்டு ஒட்டி, ஜீப்பின் பின்சீட்டில் வெயில் படுகிற பக்கமாக வைத்துக் கொண்டுபோனதைப் பார்த்தேன். சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நான் சொல்லி யார் கேட்கும் நிலைமையில் இருந்தார்கள்?

என் பெயர் நெமேசியோ பகடுவான். வயது ஐம்பத்தெட்டு. எங்கள் பரங்காய் ஊராட்சி அலுவலகத்தில் பதினேழு வருடமாக எழுத்தர். வெள்ள எச்சரிக்கைச் சங்குக்கும் நான்தான் பொறுப்பு. எங்கள் தலைவி கேப்டன் ரூபினா நேற்று உங்கள் விசாரணைக் குழுவின் முதல் அறிக்கையைப் படித்துக் காட்டினார். கணினி மிகப் பழையதாகிச் செயலிழந்ததால் சங்கு ஒலிக்கவில்லை என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. அதைத் திருத்தத்தான் இதை என் கைப்பட எழுதித் தருகிறேன்.

ஆற்றின் மேற்பக்கம் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, பாலத்துத் தூணில் நீர்மட்டம் அளக்கும் கருவி இருக்கிறது. அது அனுப்பும் எண் எங்கள் கூரை ஆன்டெனா வழியாக லேப்டாப்புக்கு வரும். அந்த எண் ஆறு மீட்டரைத் தொட்டால் லேப்டாப் தானாகவே சங்கை ஊதிவிடும். யாரும் எதையும் அழுத்த வேண்டாம். பதினான்கு வருடத்தில் இருபத்து மூன்று முறை ஊதியது. இருபத்து மூன்று முறையும் தண்ணீர் தெருவுக்கு வந்தது. ஒருமுறைகூட வீணாக ஊதியதில்லை. அதனால் சங்கு ஊதாத மழைக்கு எங்கள் ஊரில் யாரும் கொடித்துணியைக்கூட எடுப்பதில்லை. எவ்வளவு மழை பெய்கிறது என்று வானத்தைப் பார்க்கிற பழக்கமே போய்விட்டது.

இப்போது வருகிற லேப்டாப்புகளைப் பார்த்திருக்கிறேன். தகடு மாதிரி இருக்கின்றன. விசைகளை அழுத்தினால் மேஜையைத் தட்டுவது போல இருக்கிறது. இதன் விசை விரலை உள்வாங்கித் திருப்பித் தரும். திரை கண்ணாடி போல் மின்னாது, ஜன்னல் பக்கம் வைத்தும் படிக்கலாம். நான்கு திருகைக் கழற்றினால் உள்ளே எல்லாமே கைக்கு எட்டும். பேட்டரியை மூன்று தடவை மாற்றினேன். விசிறி இரைந்தபோது, ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான்களை விற்கும் கடையில் இதே ஜாதி லேப்டாப் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் விசிறியை இதற்குப் பொருத்தினேன். சான்றிதழ், மனு, பஞ்சாயத்துச் சண்டைகள் எல்லாவற்றையும் இதில்தான் தட்டினேன்.

"நெமே, அதத் தொடைக்கிற தொடைப்புல பாதி உன் சட்டைக்குச் செஞ்சிருந்தா இந்நேரம் உனக்கு ரெண்டாங் கல்யாணமே ஆயிருக்கும்யா" என்பார் கேப்டன்.

"இது எதுத்துப் பேசாது கேப்டன்" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

என் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டபோது மூன்று வருடம் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். என்னால் செய்ய முடிந்தது அது மட்டும்தான். நான் கைவைத்துப் பிழைத்தது இந்த உலகத்தில் இந்த ஒன்றுதான்.

நீங்கள் தேடி எடுப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு மாகாண அலுவலகம் புது லேப்டாப் ஒன்றை அனுப்பியது. அதில் ஆன்டெனாக் கம்பி செருகும் பழைய துளை இல்லை. அதைக் கொண்டுவந்த பெண் இடையில் ஒரு இணைப்புக் கம்பி போட்டு ஓட்டிக் காட்டினாள். ஒரு வாரம் நன்றாகவே ஓடியது. அவள் போனபிறகு நான் படிவத்தில் "ஒத்துவரவில்லை" என்று எழுதி அனுப்பினேன். புதியது என் பீரோவில் பஞ்சுக்குள் இருக்கிறது. அதைப் பொருத்தியிருந்தால் பழையதை உடைந்த நாற்காலிகளோடு கொட்டகையில் போட்டிருப்பார்கள். வேலை செய்கிற ஒன்றை வயதைச் சொல்லி ஓரங்கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

போன ஜூலையில் ஆன்டெனா வழியாக இடி இறங்கி அலுவலக டிவியும் பிரிண்டரும் கருகின. அன்று ஆற்றில் தண்ணீர் இல்லை. தூசி துடைக்க லேப்டாப்பைக் கழற்றி வைத்திருந்ததால் தப்பியது. அதிலிருந்து இடிச்சத்தம் கேட்டாலே முதலில் அதன் கம்பிகளைத்தான் பார்ப்பேன்.

வெள்ளத்துக்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, மெர்லியின் மாமனார் இறந்தார். மெர்லியின் வீடு ஆற்றங்கரையில் கடைசி வீடு. அவள் மகள் ஐசாவுக்கு ஞானஸ்நானத்தில் நான்தான் ஞானத்தகப்பன். எங்கள் பக்கம் உடலை ஒரு வாரமாவது வீட்டில் வைத்திருப்போம். தனியாக விடக் கூடாது என்பதால் இரவும் பகலும் ஆட்கள் கூட்டமாக உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருப்பார்கள். அடக்கத்துக்கு முன்னால் சவப்பெட்டியை வாசலுக்கு வெளியே எடுத்துவிட்டால் திரும்ப உள்ளே கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் அந்த வீட்டில் அடுத்த சாவு என்பார்கள். ஆகவே, சும்மா ஒரு சந்தேகத்துக்காக யாரும் பெட்டியைத் தூக்க மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் கேப்டன் நகரத்துக்குப் போயிருந்தார். அலுவலகத்தில் நான் மட்டும். ஒன்றரை மணிக்கு மழை வலுத்தது. பாலத்திலிருந்து எண் ஏறிக்கொண்டே வந்தது. இரண்டு மணிக்குக் கூடைப்பந்துத் திடலுக்குப் பின்னாலிருந்த தென்னையில் இடி விழுந்தது. திரை ஒருமுறை சிமிட்டி மீண்டது. அடுத்த இடி ஆன்டெனாவில்தான் என்று மனதுக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது எண் ஐந்து புள்ளி ஏழு. மூன்று நிமிடத்துக்குப் பத்து சென்டிமீட்டர் வீதம் ஏறியது. ஆறைத் தொட ஒன்பது நிமிடம் ஆகும். சங்கு ஊதி முடிக்க மேலும் கால் மணி நேரம். அதுவரை அந்தக் கம்பி அதன் முதுகில் செருகியிருக்க வேண்டும்.

நான் லேப்டாப்பை அணைத்தேன். சட்டென்று பிடுங்கவில்லை. அப்படிச் செய்தால் இவ்வளவு பழைய வட்டுக்கு ஆகாது. அது முறையாக அணைய நான்கு நிமிடம் எடுத்துக்கொள்ளும். கூடவே நின்று, திரை முழுக்கக் கறுக்கும்வரை காத்திருந்தேன். பிறகு கம்பிகளைக் கழற்றி, என் மழைக்கோட்டில் சுற்றி, மாடிக்குக் கொண்டுபோய் மடியில் வைத்துக்கொண்டேன். ஆகவே, அது செயலிழக்கவில்லை. இப்போதும் நீங்கள் போட்டுப் பார்க்கலாம்.

தெருவுக்கு எதிரே தேவாலய மணி இருக்கிறது, அதை அடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நினைத்தேன். மணி அடித்தால், சங்கு ஏன் ஊதவில்லை என்று கேட்பார்கள். கிழட்டு லேப்டாப் கைவிட்டுவிட்டது என்று பேசுவார்கள். மறுநாளே அதைக் கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள். இடி நின்றதும் திரும்ப மாட்டிவிடலாம் என்று இருந்தேன். இடி நிற்கவில்லை. நான் என்ன செய்ய முடியும்?

இரண்டு இருபதுக்குக் கைபேசி அடித்தது. மெர்லி.

"அண்ணே, தண்ணி வாசப்படிகிட்ட வந்துருச்சு. மாமாவ வெளிய தூக்கிரலாமா? எதுக்கும் உங்களக் கேட்டுக்கச் சொல்றாங்க."

பின்னால் யாரோ சீட்டில் ஜெயித்துக் கைதட்டினார்கள். ஞானப்பாவிடம் நான் பேசுகிறேன் என்று ஐசா போனுக்கு இழுப்பது கேட்டது. மடியில் லேப்டாப் இன்னும் லேசாகச் சூடாக இருந்தது.

"சங்கு ஊதலயேம்மா" என்றேன். "ஊதுனா தூக்குங்க."

"அதானே. நானும் அதத்தான் சொன்னேன், இதுங்க கேட்டாத்தானே" என்று சிரித்தாள். "உங்க கெழட்டுப் பொட்டி இருக்கிறவரைக்கும் எங்களுக்கு என்னண்ணே பயம்? சாயங்காலம் வாங்க, சூடா கஞ்சி வச்சிருக்கேன்."

மூன்று மணிக்கு அந்த இடத்தில் வீடு இல்லை. பதினொரு பேர். ஐசாவை மறுநாள் கரும்புக் காட்டில் எடுத்தோம். நான்தான் தூக்கினேன்.

அறிக்கையில் லேப்டாப் என்று எழுதியிருக்கும் இடங்களில் எல்லாம் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். மெர்லியிடம் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுத வேண்டாம். சங்கு ஊதவில்லை என்றுதான் சொன்னேன். அது உண்மைதானே.