சிவப்புச் சீட்டு ஒட்டிய மடல்

பள்ளத்தாக்குப் பயிர் ஆய்வு மையத்தின் பயிற்சிப் பிரிவை இருபத்தாறு ஆண்டுகள் கட்டிக்காத்து, இன்று மாலை பணி நிறைவு பெறும் எங்கள் ஒருங்கிணைப்பாளர், திருமதி அன்னத்தாய் அம்மையார் அவர்களுக்குச் சக பணியாளர்கள் பாசத்தோடும் பதற்றத்தோடும் படைக்கும் பாராட்டு மடல்

ஓயாத கால்களும் ஓங்கிய குரலும் உடையவரே! கணினி கண்டு கலங்கிய முனைவர்களைக் கைபிடித்துக் கரையேற்றியவரே! வணக்கம்.

தேனியில் அச்சடித்துச் சட்டம் போட்டு வந்த மடல் ஒன்று மேசைக்கடியில் கிடக்கிறது. அதில் தங்களை அமைதியின் உருவம் என்று எழுதிவிட்டோம். தாங்கள் அமைதியாக உட்கார்ந்து பார்த்தவர் எவரும் இங்கில்லை. இன்று காலை நடந்ததற்குப் பிறகு எங்களுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. ஆகவே, மதியம் அவசர அவசரமாக எழுதிய இதைப் படிக்கிறோம். பொறுத்தருள்க!

ஆய்வாளர்களுக்குக் கணினி நிரல் எழுதக் கற்றுத்தரும் பட்டறை என்றால் மேடையேறிப் படம் காட்டுவது என்றிருந்த காலத்தில், அவரவர் மடிக்கணினியில் அவரவரே தட்டித் தடுமாறித் தேறவேண்டும் என்று அதைத் தலைகீழாக மாற்றியவர் தாங்கள். ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டங்களின் இலைநோய் விவரத்தையும் மார்க்கையன்கோட்டை வயல்களின் வெயில், மழை அளவுகளையும் அலைந்து திரிந்து தொகுத்து, அவற்றையே பாடத்துக்கான தரவுகளாக்கினீர்கள். அதிலும் ஒரு குறும்பு! எண் இருக்கவேண்டிய கட்டத்தில் "கரண்டு இல்லை, அளக்கலை" என்று எவரோ எழுதியிருந்ததை அப்படியே விட்டுவைத்தீர்கள். முப்பத்துநான்கு பாகை வெயில் முந்நூற்று நாற்பதாகிக் கிடந்ததையும் திருத்தவில்லை. சராசரி கேட்டால் கணினி மக்கர் பண்ணும். பண்ணட்டும், அங்கேதான் பாடமே தொடங்குகிறது என்பீர்கள்.

உதவி வேண்டுவோர் மடிக்கணினியில் சிவப்புச் சீட்டு ஒட்டவேண்டும், முடித்தவர் பச்சை ஒட்டவேண்டும் என்பது தங்கள் சட்டம். ஒரே ஒரு சிவப்பு தெரிந்தாலும் அறையை விட்டு எவரையும் நகர விடமாட்டீர்கள். ஒருமுறை கடைசி வரிசையில் ஒரு பேராசிரியர் கூச்சப்பட்டுச் சீட்டை மடிக்குள் மறைத்துக்கொண்டார். "அங்கன அவுக முழிச்சுக்கிட்டு இருக்காக, நீங்க பாட்டுக்குப் போறீகளே! சாப்பாடு ஆறுனா ஆறட்டும்" என்று எங்களை விரட்டினீர்கள். அன்று சோறு ஆறித்தான் போயிற்று.

நாளை காலை ஒன்பதரைக்கு அடுத்த பட்டறை. தாங்கள் இல்லாமல் நாங்கள் நடத்தப்போகும் முதல் பட்டறை. இந்த நேரத்தில், விடைபெறும் தங்களுக்குப் பரிசாக எங்கள் இளம் ஆய்வாளர் கருத்தக்கண்ணன் ரகசியமாக ஒரு காரியம் செய்தார். தரவிலிருந்த தப்பையெல்லாம் திருத்தி, மூலக் கோப்பின் மேலேயே சேமித்து, வருவோருக்குக் கொடுக்கும் பென்டிரைவ் அத்தனையிலும் ஏற்றிவிட்டார். காலை ஒத்திகையில் "பிழையான வரியைக் கண்டுபிடி" என்ற பயிற்சிக்கு வந்தால், பிழையே இல்லை! மூலக் கோப்பைத் தொடாதே என்பது தங்கள் முதல் பாடம். நாளை அந்தப் பாடத்தை நடத்த இருப்பவரே அவர்தான். "அம்மா சந்தோசப்படுவாகன்னு நெனச்சேன்" என்கிறார், முகம் சுண்டிப்போய்.

தேடிப் பார்த்தோம், திருத்தாத பழைய நகல் எங்கும் இல்லை. எந்தப் பிழை எங்கே இருந்தது, எந்தப் பாடத்துக்காக இருந்தது என்பதெல்லாம் தங்கள் நினைவில் மட்டுமே இருக்கிறது. தங்களிடம் சொன்னபோது, "அஞ்சு மணிக்கு மேல நான் வெளியாளுப்பா. நீங்களே பாத்துக்கிருங்க" என்றீர்கள். கோவைக்கு அழைத்துப்போக மகள் பிரின்சி காரோடு வந்து காத்திருக்கிறார், அதுவும் நியாயம்தான். ஆனால் அப்படிச் சொன்னபிறகு தாங்கள் உட்கார முடியாமல் எழுந்து எழுந்து கணினி அறைப் பக்கம் பார்த்ததையும் நாங்கள் பார்த்தோம். அம்மா, எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

அன்பின் அரசியே! முழங்கால் வலி அண்டாமல், முகமலர்ச்சி குன்றாமல், நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க! அந்த நூறாண்டு நாளை மறுநாளிலிருந்து தொடங்கட்டும். பிரின்சி மன்னிக்கவேண்டும்.

இந்த மடலின் வலது மூலையைப் பாருங்கள். சிவப்புச் சீட்டு ஒன்று ஒட்டியிருக்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் சட்டப்படி, அறையை விட்டு நகராமல் காத்திருக்கும்
பயிற்சிப் பிரிவுப் பணியாளர்கள்