மெழுகுக் கட்டி ரிப்போர்ட்

நல்ல மீன் எண்ணெயில் மீன் வாடை வரக் கூடாது. பலருக்கு இது தெரியாது. வாடை வந்தால்தான் அசல் சரக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் வாடை வந்தால் அந்த எண்ணெய் கெட்டுப்போக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பதினாறு வருஷமாக ஓசூரில் ஒரு மீன் எண்ணெய் மாத்திரை கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். என் மூக்கை ஏமாற்ற முடியாது. இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் எழுதும்போது எங்கேயும் விஷம் என்று எழுதிவிடக் கூடாது. அதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன். சௌந்தரராஜன் சார் என் கையால் வாங்கிச் சாப்பிட்டதெல்லாம் மீன் எண்ணெய்தான்.

என் வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். மீன் எண்ணெயில் இருக்கிற கொழுப்பு அமிலம் ரொம்ப அவசரக்காரன். காற்று பட்டால் போதும், ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்ளும். இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி எண்ணெயும் துருப்பிடிக்கும். அதைத் தடுக்க வைட்டமின் ஈ கலக்கிறோம். ஒவ்வொரு பேட்ச்சிலும் எவ்வளவு துரு ஏறியிருக்கிறது என்று நான் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். குடுவையில் இருக்கிற எண்ணெய்க் கலவையின் நீல நிறம் மறைகிறவரை ஒரு திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவேன், எத்தனை சொட்டு ஆகிறதோ அவ்வளவு துரு. என் கை ஒருநாளும் நடுங்கியதில்லை.

இதே துரு புற்றுநோய் செல்லையும் கொல்லும். கண்ணாடித் தட்டில் வளர்க்கிற புற்றுநோய் செல்களுக்கு இந்த எண்ணெயை ஊட்டினால், அவை அதை எடுத்துத் தங்கள் மேல்சவ்வில் வைத்துக்கொள்ளும். சவ்வு துருப்பிடித்துப் பொத்தலாகும், செல் செத்துப்போகும். இது பொய்யில்லை, ஆய்வுக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் தட்டு வேறு, உடம்பு வேறு. வாயில் போட்டு விழுங்கியது கட்டிவரை எவ்வளவு போய்ச் சேரும், சேர்ந்தாலும் என்ன செய்யும் என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. அதோடு, நாங்கள் கலக்கிற வைட்டமின் ஈயைத் தட்டில் சேர்த்தால் சாக வேண்டிய செல்களே பிழைத்துக்கொள்கின்றன. மருந்தை விட்டுவிட்டு இந்த மாத்திரையால் குணமான ஒருவரைப் பற்றியும் நான் படித்ததில்லை.

சௌந்தரராஜன் சார் எங்கள் கம்பெனியின் விற்பனை மேலாளர். தாவரவியலில் பட்டம் வாங்கியவர். கிருஷ்ணகிரியில் வீடு. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று மண்டபம் மண்டபமாகப் போய்ப் பேசுவார். லேப்டாப்பில் ஒரு வீடியோ வைத்திருந்தார். தட்டில் இருக்கிற செல்கள் ஊதி ஊதி உடைகிற வீடியோ. எங்கள் பங்குக் கோயில் மண்டபத்திலும் அதைப் போட்டார். செல்கள் உடையும்போது ஜனங்கள் கை தட்டினார்கள். தட்டு, உடம்பு என்ற வித்தியாசத்தை அவர் அன்றைக்குச் சொல்லவில்லை. என் தங்கை ரூபி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

ரூபிக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. மத்திகிரியில் வாடகை வீட்டில் என்னோடுதான் இருந்தாள். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் வேலை. மார்பில் கட்டி, இரண்டாம் நிலை. ஆறு கீமோ ஊசி, அப்புறம் ஆபரேஷன், பிழைத்துக்கொள்வாள் என்று பெங்களூரு டாக்டர் தைரியமாகச் சொன்னார். இரண்டு ஊசியில் முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர்கூட விழுங்க முடியாமல் போனது. மூன்றாவது ஊசிக்குப் போகவில்லை. மாத்திரை மட்டும் சாப்பிட்டாள். பதினான்கு மாதத்தில் செத்துப்போனாள். அடக்கப் பூசை நடந்தது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் என்பதால் பீடத்தில் பூ வைக்கவில்லை. சார் பெரிய மாலையோடு வந்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அன்றைக்கே அவரை எனக்குப் பிடிக்காமல் போனது என்று சொன்னால் குறைவாகச் சொல்வதாகும். அவர் சாக வேண்டும் என்று நினைத்தேன். ரூபி செத்த மாதிரியே சாக வேண்டும் என்று நினைத்தேன்.

நினைத்தேனே தவிர ஒன்றும் செய்யவில்லை. இரண்டு வருஷம் வேலைக்குப் போனேன், கையெழுத்துப் போட்டேன், கேன்டீனில் அவருக்கு வணக்கம் சொன்னேன்.

போன வருஷம் ஆடி மாதம் அவர் லீவு போட்டார். மூல ஆபரேஷன் என்று எல்லோரிடமும் சொன்னார். திரும்பி வந்த மறுநாள் மதியம் என் லேபுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"டெல்சிம்மா, எனக்கு மூலமெல்லாம் இல்ல. குடல்ல கட்டி. எடுத்துட்டாங்க. திரும்ப வராம இருக்க ஆறு மாசம் ஊசி போட்டுக்கணும்ங்கறாங்க. உங்க தங்கச்சி பட்ட பாட்டப் பாத்தவன் நானு. பயமா இருக்குது. நான் மேடையில பேசறத விட்டுருங்க. நீங்க கெமிஸ்ட்டு, பொய் சொல்ல மாட்டீங்க. நெசமாவே நம்ம மாத்திரையில ஏதாச்சும் இருக்குதா?"

மேடம், அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் ஊசி போட்டிருப்பார். அனேகமாகப் பிழைத்திருப்பார். அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவர் வேறு யாரிடமும் கேட்காமல் என்னிடம் வந்து கேட்டாரே, அதை நினைத்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது.

"பொதுவாச் சொல்ல முடியாதுங்க சார். உங்க கட்டிய வெச்சே டெஸ்ட் பண்ணிப் பாத்தாத்தான் தெரியும். பெங்களூர்ல தெரிஞ்ச லேப் இருக்கு" என்றேன்.

ஆபரேஷனில் எடுத்த கட்டியில் ஒரு துண்டை ஆஸ்பத்திரியில் மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். வேறு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் நோயாளி கையிலேயே கொடுத்துவிடுவார்கள். அவர் வாங்கி வந்தார். தீப்பெட்டியில் பாதி அளவு இருக்கும். சூடு படக் கூடாது என்று டிபன் பாக்ஸில் ஈரத்துணி சுற்றிக் கொண்டுவந்தார்.

மெழுகில் வைப்பதற்கு முன்னால் அந்தத் துண்டை ஃபார்மலினில் ஊற வைப்பார்கள். ஊறின நிமிஷத்தில் அதிலிருக்கிற செல் எல்லாம் செத்துவிடும். அந்தக் கட்டியிலிருந்து எதையும் வளர்க்க முடியாது. செத்த செல்லுக்கு மறுபடி எப்படிச் சாவு வரும்? கல்லூரியில் ஊறவைத்த இலையையும் தண்டையும் அறுத்துப் பார்த்துப் பட்டம் வாங்கியவர் அதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்பார் என்று நான்கு நாள் காத்திருந்தேன். கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. அவர் போனில் கேட்டதெல்லாம், "செல்லு நல்லா வளருதாம்மா?" என்பதுதான்.

"நல்லா வளருது சார்."

ரிப்போர்ட்டை நான்தான் அடித்தேன். ஏழு பக்கம், இரண்டு வரைபடம், லேபுக்கு ஒரு பெயர், முத்திரை. எண்பத்து மூன்று சதவீத செல் சாவு என்று போட்டேன். நூறு என்று போட்டால் சந்தேகம் வரும். எண்பத்து மூன்றை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வைட்டமின் ஈ இல்லாமல் சாப்பிட்டால்தான் வேலை செய்யும் என்று ஒரு வரி சேர்த்தேன். அதற்காகத் தனியாக மாத்திரை நிரப்பிக் கொடுத்தேன். நாளைக்குப் பன்னிரண்டு. இரண்டு வாரத்தில் அந்த எண்ணெய் கெட்டு வாடை அடிக்க ஆரம்பித்தது.

"ஏப்பம் விட்டாக் குடலப் பொரட்டுதும்மா" என்றார்.

"அப்பத்தான் சார் உள்ள வேல செய்யுது" என்றேன். சந்தோஷமாகத் தலையாட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் சத்யப்ரியா மத்திகிரிக்கு என்னைத் தேடி வந்தாள். கல்யாணத்துக்குப் பேசி வைத்திருக்கிற பெண். டீ போட்டுக் கொடுத்தேன்.

"ஆன்ட்டி, ஊசி போட்டே ஆகணும்னு டாக்டர் கத்தறாரு. அப்பா காதுலயே வாங்க மாட்டேங்கறாரு. நீங்க சொன்னாக் கேப்பாரு."

"ரிப்போர்ட் நல்லா வந்துகினு இருக்குது பாப்பா. இப்பப் போயி ஊசி போட்டா எல்லாம் கெட்டுரும். நான் பாத்துக்கறேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நிம்மதியில் வந்த அழுகை. அந்தப் பெண் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. கேட்டைத் தாண்டி ஆட்டோவில் ஏறுகிறவரை நின்று பார்த்தேன். பிறகு அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன்.

மாதம் ஒரு ரிப்போர்ட் கொடுத்தேன். எண்பத்தாறு, எண்பத்தெட்டு, தொண்ணூற்றொன்று. ஐந்தாம் மாதம் அவர் பயந்துபோய் ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து வந்தார். கட்டி திரும்ப வந்திருந்தால் ஏறுகிற எண் ஒன்று இருக்கிறது. அது நான்கு மடங்காக ஏறியிருந்தது. செத்த செல் உடைந்து ரத்தத்தில் கலப்பதால்தான் ஏறுகிறது, ஏறினால் நல்லது என்றேன். மறுநாள் லேபுக்கு மைசூர்பாகு கொண்டுவந்தார். நானும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன்.

தை மாதம் கண் மஞ்சளானது. கல்லீரல் முழுக்கப் பரவிவிட்டது, இனி ஊசிக்கும் வழியில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து பஸ் பிடித்துக் கிருஷ்ணகிரி போனேன். சத்யப்ரியா என்னை உள்ளே விட்டுவிட்டு மருந்துக் கடைக்குப் போனாள். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். வயிறு மட்டும் பெரிதாக இருந்தது. கடைசி நாட்களில் ரூபிக்கும் அப்படித்தான் இருந்தது. இதைப் பார்க்கத்தான் இத்தனை மாதம் காத்திருந்தேன் என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

"சார், மெழுகுக்குள்ள இருக்கற செல்லு எப்படி வளரும்?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்தபோது முகத்தில் ஒவ்வொன்றாக எல்லாம் வந்து போனது. நான் அவசரப்படுத்தவில்லை. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்த அவருக்குத் தெம்பில்லை.

"ரூபிக்காகவாம்மா?" என்றார். நான் ஆமாம் என்றேன்.

"பேசினது தப்புத்தான். அத வித்ததும் தப்புத்தான். ஆனா ஊசிய நிறுத்துன்னு நான் சொல்லவே இல்ல. ரெண்டும் சேத்துச் சாப்பிடுன்னுதான் சொன்னேன். அந்தப் பொண்ணு எனக்குப் போன் பண்ணி, எங்கக்கா நிறுத்திடலாம்னு சொல்லிட்டா சார்னு சந்தோஷமாச் சொல்லுச்சு."

சாகப்போகிற மனிதர் பழியை யார் தலையிலாவது இறக்கப் பார்ப்பார். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பதினொன்றாம் நாள் போய்விட்டார். நான் சொன்னதை அவர் தன் மகளிடம் சொல்லவே இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. காரியம் முடிந்த பிறகு சத்யப்ரியா அந்த ரிப்போர்ட்டுகளை டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். முதல் பக்கத்தைப் படித்ததுமே அவர் மெழுகைப் பற்றி விளக்கியிருக்கிறார். அங்கிருந்து நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள்.

அவள் எழுதிக் கொடுத்தது எல்லாமே சரி. தெரிந்துதான் செய்தேன். சௌந்தரராஜன் சாரை நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே போடுகிறேன்.

ஊசியை நிறுத்தலாமா என்று ரூபி என்னிடம் கேட்டாளா என்று நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். அது இந்த வழக்குக்குத் தேவையில்லாதது. இருந்தாலும் சொல்கிறேன். ஷிஃப்ட் நேரத்தில் ஒருநாள் போன் செய்தாள். நான் டெஸ்ட்டில் இருந்தேன், நீலம் மறைகிற கட்டம், கண்ணை எடுக்க முடியாது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன். "அக்கா, நீதான டெஸ்ட் பண்ற, மாத்திர நல்லதுதான?" என்று கேட்டாள். நல்லதுதான் என்றேன். அந்தப் பேட்ச் நல்லதாகத்தான் இருந்தது. "அப்ப ஊசிய நிறுத்திடட்டாக்கா? முடியலக்கா" என்றாள். "முடியலன்னா நிறுத்திடு, மாத்திரையச் சாப்பிடு, ஒண்ணும் ஆவாது" என்றேன். அக்கா தங்கைக்குள் பேசுகிற சாதாரணப் பேச்சு அது. அவளுக்கு நான் எந்த ரிப்போர்ட்டும் கொடுக்கவில்லை. அதை மட்டும் தயவுசெய்து தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.