விரல்நுனி அளவு வால்வு

வாசலில் நிற்கிற உங்கள் ஜீப்பின் இடது பின்சக்கரம் உரசுகிறது, ஐயா. நீங்கள் வண்டியைத் திருப்பும்போது கேட்டேன். பெரிய விஷயம் இல்லை. ஒருமுறை கழற்றித் துடைத்தால் சரியாகிவிடும்.

என் பெயர் வீரையா. காரைக்குடியில், திருப்பத்தூர் ரோட்டில் மோட்டார் ஷெட் வைத்திருக்கிறேன். மீரான் சாகிபுவும் நானும் அதில் பதினொரு வருஷம் சேர்ந்து வேலை பார்த்தோம். மூன்று வருஷத்துக்கு முன்னால், எழுபத்தொன்று ஆனி மாதத்தில், அவன் மலையில் ஜீப்போடு விழுந்து இறந்தான். அதைப் பற்றி உங்கள் போலீஸ் இலாகாவில் ஒரு காகிதம் இருக்கும். அதில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதில் எழுதியிருப்பது சரியில்லை. திருத்த வந்திருக்கிறேன்.

அந்த ஜீப் வலையபட்டி நாச்சியப்பன் செட்டியாருடையது. அவருக்கு மலையில் காப்பித் தோட்டம் இருந்தது. போகிற வழியில் மூன்று ஓடைகளை வண்டி இறங்கிக் கடக்க வேண்டும். பின்சக்கரத்தின் மூடிய பிரேக் டிரம்முக்குள் தண்ணீரும் சேறும் புகுந்துகொள்ளும். அதற்குப் பிறகு மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. மாதம் ஒருமுறை நாங்கள் கழற்றி, கழுவி, மாட்டிக் கொடுப்போம்.

செட்டியார் வீட்டு வண்டிக் கொட்டகையில், பினாங்கிலிருந்து வந்த சீமைக் கார் ஒன்று புளியமரத்தில் மோதி நசுங்கிக் கிடந்தது. அதன் முன்சக்கரங்களில் டிரம் இல்லை, டிஸ்க் பிரேக். சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டு ஒன்று, அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற பேடுகள், அவ்வளவுதான். எல்லாம் வெளியே திறந்து கிடப்பதால் தண்ணீர் தங்க இடம் இல்லை. மீரான் அதன்முன் குத்தவைத்து அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்ளே, இதத் தூக்கி ஜீப்புக்குப் பின்னாடி வச்சா என்ன?"

"உக்காராது மச்சான்."

"உக்கார வைப்போம். உனக்கே பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கேன், இது உக்காராதா?"

இரண்டு மாதம் ஆனது. கவ்வியைத் தாங்கும் பட்டையின் வடிவத்தை ஷெட் தரையில் சாக்கட்டியால் வரைந்தான். அழிந்துவிடக் கூடாது என்று நான் அதைச் சுற்றிச் சுற்றியே நடந்தேன். கனத்த தகட்டில் வெட்டி, திருப்பத்தூர் லேத்தில் துளை போட்டு, நான்கு முறை தப்பாகி, ஐந்தாவது முறை உட்கார்ந்தது. அன்று சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, பிரேக்கை மிதிக்கச் சொன்னான். மிதித்தேன். சத்தமே இல்லாமல் நின்றது. அவன் சிரித்த சிரிப்பை நான் விவரிக்கப் போவதில்லை.

செட்டியாரும் பார்த்தார். "மீரான், வண்டி தோட்டத்துல இருந்து லோடோட ஒழுங்கா இறங்கி வந்துருச்சுன்னா, பினாங்குல என் தம்பி பட்டறைக்கு நீதான் மேஸ்திரி. நான் எழுதிப் போட்டுடுறேன்" என்றார்.

மீரான் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். லத்தீபாவையும் ஆறு மாதத்தில் அழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டான். லத்தீபா அவன் மனைவி. தினமும் மதியம் அவள் அனுப்பும் கேரியரில் எனக்கும் சேர்த்தே சோறு இருக்கும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. காலையில் ஷெட்டுக்கு வந்தால் அவன் இருப்பான், பேசிக்கொண்டே இருப்பான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. இதை நான் அவனிடம் சொன்னதில்லை. இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

சந்தோஷம்தானே என்று கேட்டான். சந்தோஷம் என்றேன்.

இனி அந்த வால்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரேக் எண்ணெய் இருக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் விரல்நுனி அளவு வால்வு ஒன்று உண்டு. மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை அது நிறுத்தி வைக்கும். டிரம்முக்கு அது தேவை. டிஸ்க்குக்கு அது கூடாது. இருந்தால் பேடுகள் தட்டை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். சமதரையில் ஒன்றும் தெரியாது. மலையில் இறங்கும்போது தட்டு பழுத்துவிடும், எண்ணெய் கொதிக்கும், மிதி காலோடு கீழே போய்விடும். நான்கு சக்கரத்துக்கும் எண்ணெய் ஒன்றுதான். அதனால் வால்வை அங்கிருந்து கழற்றி, முன்சக்கரங்களுக்குப் போகும் குழாயில் மட்டும் வைக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்தவன் மீரான். எனக்குச் சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான். சிலிண்டரைத் திறந்து மூடும் வேலை என்னுடையது.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் மூடியதை மற்றவன் திறந்து பார்ப்பதில்லை. ஒரு தடவை கேட்பான், பதில் வாங்கிக்கொள்வான். அதற்கு மேல் திறந்து பார்ப்பது முகத்தில் துப்புவது மாதிரி.

"வால்வ எடுத்துட்டியா மாப்ளே?"

"எடுத்தாச்சு."

மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். நான் மறக்கவில்லை. சிலிண்டரைத் திறந்தேன், வால்வைப் பார்த்தேன், துடைத்தேன், இருந்த இடத்திலேயே வைத்து மூடினேன். முன்குழாயில் வெறும் மூட்டு ஒன்றை, பார்வைக்கு வால்வு இருப்பதுபோல, மாட்டினேன். மலையில் சக்கரம் புகையும், செட்டியார் முகம் சுளிப்பார், பினாங்குப் பேச்சு நின்றுபோகும். மீரான் நாலு நாள் வருத்தப்படுவான். பிறகு ஷெட்டுக்கு வருவான். நான் நினைத்தது அவ்வளவுதான்.

செட்டியாரின் டிரைவர் மலையாண்டி ஓட்டுவதாகத்தான் பேச்சு. விடியும்போது மீரான் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான்.

"தள்ளி உக்காருங்க மலையாண்டிண்ணே. என் பிரேக்க நாந்தான் மொதல்ல மிதிப்பேன்." பிறகு என்னைப் பார்த்தான். "ஏறு மாப்ளே. மலைக்காத்து பட்டாலாவது உன் மூஞ்சி தெளியுதான்னு பாப்போம்."

லாரி ஒன்று வருகிறது, வேலை கிடக்கிறது என்றேன்.

மற்றதை மலையாண்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏறும்போது ஓடைகளைக் கடந்ததும் மீரான் மிதித்துப் பார்த்திருக்கிறான். டக்கென்று நின்றிருக்கிறது. மூன்று ஓடையிலும் சின்னப் பிள்ளை மாதிரிக் கைதட்டினானாம். காப்பி மூட்டைகளோடு இறங்கும்போது ஏழாவது வளைவில் கருகல் வாடை. ஒன்பதாவதில் மிதி தரையைத் தொட்டுவிட்டது. கியரைக் குறைத்தான், கைபிரேக்கை இழுத்தான். பாரத்துக்கு அது போதவில்லை. ஜீப்புக்குக் கதவு கிடையாது. பதினொன்றாவது வளைவுக்கு முன்னால், "குதிங்கண்ணே" என்று மலையாண்டியை ஒரு கையால் மேட்டுப் பக்கம் தள்ளிவிட்டான். மலையாண்டிக்குக் கால் முறிந்தது, அவ்வளவோடு போயிற்று.

நொறுங்கிய ஜீப்பை லாரியில் ஏற்றி எங்கள் ஷெட்டுக்கே கொண்டுவந்தார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரிக்கு டிஸ்க் பிரேக் என்றால் என்னவென்று தெரியாது. விஷயம் தெரிந்தவன் என்று என்னைத்தான் கேட்டார். 'இந்த வண்டிக்குப் பொருந்தாத புதுவகை பிரேக்கை இறந்தவரே மாட்டியிருக்கிறார்' என்று எழுதிக் கொடுத்தேன். அன்று மாலை வால்வைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். இதோ, மேஜைமேல் வைக்கிறேன்.

இதுவரை யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நீங்களும் கூப்பிடவில்லை. போன வாரம் லத்தீபா ஷெட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணே, அவுக வேலையில தப்பு இருந்துச்சுன்னு ஊரே சொல்லுது. தன் வேலையாலே தானே செத்தான்னு என் காதுபடவே சொல்றாக. நீங்க கூடவே இருந்தீகளே. தப்பு இருந்துச்சா?"

மூன்று வருஷத்தில் அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பட்டைகள் முறியவில்லை, ஐயா. ஒரு போல்ட்டுகூட விலகவில்லை. அவன் வேலையில் குறை இல்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு என் பெயரை எழுதலாம். அவனுக்கு இதையாவது செய்ய வேண்டும். அவன்மேல் எனக்கிருந்த பிரியம் உங்களுக்குப் புரிகிறதா என்று தெரியவில்லை.

புகை மட்டும்தான் வரும் என்று நினைத்தவன் ஏன் வண்டியில் ஏறவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அன்று லாரி எதுவும் வருவதாக இல்லை. ஷெட்டில் ஒரு வேலையும் இல்லை. நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பிவிடுவதாக அவன் சொல்லியிருந்தான். எங்கள் இருவருக்கும் டீ வருகிற நேரம் அது. நாலு மணிக்குக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, எத்தனை என்று கேட்டார். மலையிலிருந்து அதுவரை ஒரு தகவலும் வந்திருக்கவில்லை.

ஒன்று என்றேன்.