ஒரு பெரணியின் பெயர்

பெரணிச் செடியைத் தபாலில் அனுப்புவதாக இருந்தால் ஈரப் பாசியில் சுற்றித் தகரப் பெட்டியில் வைக்க வேண்டும், இன்ஸ்பெக்டர். வெறும் காகிதத்தில் சுற்றினால் வழியிலேயே கருகிவிடும். காலேப் ரட்ஜுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

அவன் விட்பி கடற்கரையில் பூட்ஸ் தைப்பவன். நான் யார்க்கில் பாதிரியார் ஹார்வுட். பதினெட்டு வருடம் எங்களுக்குள் செடிகளும் கடிதங்களும் போய் வந்தன. அவனுக்கு லத்தீன் வராது, நான் திருத்திக் கொடுப்பேன். அவனுக்கு இருந்த கண் எனக்கு இல்லை. எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் செடிக்குத் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது, நண்பன்தான் வைக்க வேண்டும். ஒரு பாசிக்கு நான் அவன் பெயரை வைத்தேன். பதிலுக்கு ஒன்பது வருடம் காத்திருந்தேன். வாய்விட்டுக் கேட்டு வாங்குகிற விஷயமில்லை அது.

இந்த மார்ச்சில் எழுதியிருந்தான். கடலோரச் செங்குத்துப் பாறையில் யாரும் பார்த்திராத பெரணி ஒன்று கிடைத்திருக்கிறது, லண்டன் பேராசிரியர் ஒருவர் ரொம்ப ஆர்வம் காட்டுகிறார், இன்னொரு செடி பறிக்கவேண்டும், கயிறு பிடிக்க வாருங்கள் என்று. பேராசிரியர் என்று படித்ததுமே, பெயர் அவருக்குத்தான் போகும் என்று எனக்கு விளங்கிவிட்டது. வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான். பாதி இறங்கியதும், பெயர் வைத்தாயிற்றா என்று கேட்டேன்.

"வெச்சாச்சு பாதிரியாரே. பெரிய மனுஷர் பேருதான்," என்று சிரித்தான். "மேல வந்து சொல்றேன். கயித்த விட்டுடாதீங்க, ஹெஸ்டர் மீன் பொரிச்சு வெச்சிருப்பா."

கயிற்றை விட்டேன்.

கை மரத்துவிட்டது என்று விசாரணையில் சொன்னேன். காற்றும் அப்படித்தான் அடித்தது, எல்லோரும் நம்பினார்கள். அவன் மனைவி ஹெஸ்டர் எனக்குக் கம்பளிக் கையுறை பின்னித் தந்தாள். அதைப் போட்டுக்கொண்டுதான் அடக்க ஜெபம் சொன்னேன். அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை.

அவன் பாறைமேல் வைத்துவிட்டு இறங்கிய தகரப் பெட்டியைப் பிறகுதான் திறந்தேன். முதல் செடி ஈரப் பாசிக்குள் வாடாமல் இருந்தது. கூடவே ஒரு சீட்டு, அவன் கையெழுத்தில். ஹார்வுடி. என் பெயர்தான். லத்தீனில் கடைசி எழுத்து ஒன்று குறைந்திருந்தது. திருத்தினேன்.

புதுச் செடியைப் பற்றிய கட்டுரையை எழுதி, அவன் பெயரிலேயே அச்சுக்கு அனுப்பினேன். செடியின் பெயரை மாற்றிவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மாற்றவில்லை. செத்துப்போன நண்பனின் கடைசி ஆசையை மீற எனக்கு மனசு வரவில்லை.