ஜவ்வாது வாசனை

நாய்களுக்கு டாக்டரின் முகம் நினைவிருக்காது இன்ஸ்பெக்டர் சார், வாசனைதான் நினைவிருக்கும். என் முகத்துக்கு அது நல்லதுதான். செம்பூரில் என் கிளினிக் படியேறும்போதே ஸ்பிரிட் வாடைக்கு முக்கால்வாசி நாய்கள் ஒன்றுக்குப் போய்விடும். துடைப்பதும் நான்தான்.

எங்கள் சொசைட்டி செகரெட்டரி வெங்கடராமன் கெட்டவர் இல்லை. சுத்தம் பார்ப்பவர், அவ்வளவுதான். கேட்டருகே கிடந்த அப்பு என்கிற தெரு நாய்க்கு என் மனைவி ருக்கு தினமும் தயிர்சாதம் வைப்பாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. வெங்கடராமன் நாய் பிடிக்கும் வண்டிக்குச் சொல்லியனுப்பினார். கழுத்தில் கம்பி வளையம் விழுந்தபோதும் அப்பு ருக்குவைப் பார்த்து வாலாட்டியதாம். அன்றிலிருந்து அவள் பேச்சைக் குறைத்தாள், பிறகு நிறுத்திவிட்டாள்.

நான் போய்க் கேட்டேன். "தெரு நாய்தானே ஓய். அதுக்குப் போய் துக்கம் காக்கறீரா?" என்றார்.

அவருடைய அல்சேஷன் டைகருக்குக் காதில் புண் வந்தது. வேறு டாக்டர் இல்லாமலா? நம்ம மனுஷா என்று என்னிடமே கூட்டிவந்தார். சொந்தக்காரர் பக்கத்தில் நின்றால் நாய் முரண்டு பிடிக்கும், வெளியே இருங்கள் என்றேன். பெஞ்சில் உட்கார்ந்து டிரான்சிஸ்டரில் கிரிக்கெட் கேட்பார்.

விசேஷ நாட்களில் மட்டும் அவர் ஜவ்வாது பூசுவார். அன்று லிஃப்டே மணக்கும். அதே ஜவ்வாதை மாட்டுங்காவில் வாங்கினேன். டைகரின் வாயைக் கட்டி, என் கையில் தடவி அதன் மூக்கருகே காட்டுவேன். பிறகு காதுப் புண்ணில் ஊசியால் ஒரு குத்து. புண் ஆறிய பிறகும் வரச் சொன்னேன், உள்ளே வேர்விட்டிருக்கிறது என்று. கடைசியில் ஊசியே வேண்டியிருக்கவில்லை, வாசனைக்கே உறுமியது.

அவர் மகள் ஷ்யாமளாவின் நிச்சயதார்த்தத்தன்று, மார்பு நிறைய ஜவ்வாதோடு, விருந்தாளிகள் வருமுன் டைகரைப் பால்கனியில் கட்டக் குனிந்திருக்கிறார். அது தொண்டையைப் பிடித்தது. ஆஸ்பத்திரிவரை தாங்கவில்லை.

டைகரை ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்கவைக்கவும் என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். அன்று என் கையில் ஜவ்வாது இல்லை. இருந்தும் என்னைக் கண்டதும் மேசைக்கடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. முகம் நினைவிருக்காது என்றேனே, அதில் கொஞ்சம் தப்பு இருக்கலாம். இழுத்து வந்து முடித்தேன்.

எல்லாவற்றையும் ருக்குவிடம் சொன்னேன். பேசுவாள் என்று நினைத்தேன், பேசினாள். "டைகர் என்ன பண்ணித்து?" என்றாள். அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது.

எழுதிக்கொள்ளுங்கள் சார். வெங்கடராமனைக் கொன்றது நான்தான். ஆனால் வாயில்லா ஜீவன் எதையும் நான் ஒருநாளும் துன்புறுத்தியதில்லை.