நாற்காலி இல்லாத வீடு

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். ஒருவர் பண்ணையில் வேலை பார்ப்பவர், மற்றவர் அவருடைய தங்கை புருஷன். சிமெண்ட் ஆலையில் வேலையாம்.

“ஓட்டு முடியிற வரைக்கும் எங்க பண்ணையாரு வூட்ல ஒரு நாற்காலி கிடையாது மாப்ள,” என்றார் பண்ணை ஆள்.

“ஏன் மச்சான்?”

“நம்மளுது தனித் தொகுதியில்ல? எந்தக் கட்சி ஆளு ஓட்டுக் கேட்டு வந்தாலும் நம்ம காலனி சனந்தான். நாற்காலி கெடந்தா உக்காரச் சொல்லணுமே. எல்லாத்தையும் நெல்லு ரூமுல போட்டுப் பூட்டிட்டாரு. வந்தவங்ககிட்ட அவரும் நின்னுக்கிட்டேதான் பேசுனாரு.”

“இப்ப ஒருத்தரு ஜெயிச்சாச்சே?”

“நேத்து மோட்டாருக்குக் கரண்டு கேட்டு அந்த எம்.எல்.ஏ.வைப் பாக்கப் போனோம். அவரு எந்திரிச்சு, பக்கத்து நாற்காலியக் காட்டி, ‘உக்காருங்க’ன்னாரு. எங்க பண்ணையாரு, ‘பரவால்ல’ன்னுட்டாரு. சமமா உக்கார மனசு வரல.”

“அப்புறம்?”

“அப்புறமென்ன? அவரு உக்காந்துட்டாரு. இவரு மனுவக் குடுத்துட்டு எதுத்தாப்புல நின்னாரு.”

“ரொம்ப நேரமா?”

“அரைப் பக்க மனுதான். அவரு ரெண்டு தடவ படிச்சாரு மாப்ள.”