வெள்ளையே வராத லென்ஸ்

...கோவிச்சுக்காதீங்க சார், நான் சண்டை போட வரல. ஆனா நீங்க குடுத்த ரெண்டு லென்ஸும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல. மொதல்ல வாங்கினது மழுங்கல்னா, ரெண்டாவது அதுக்கு அண்ணன். இந்தாங்க, கையோட கொண்டாந்திருக்கேன், பாருங்க. பழைய கேமரா சாமான் விக்கிற கடைன்னா பழசாத்தான் இருக்கும், ஒத்துக்கறேன். அதுக்காகப் படத்துல வெள்ளைங்கறதே வராதா?

நீங்க பாட்டுக்கு அந்த ஸ்க்ரூவ முடுக்குங்க, நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன்.

எங்க வீட்ல இருக்கறதே ஒரு பாத்ரூம். வெண்டிலேட்டர்ல அட்டைய ஒட்டி, கதவு இடுக்குல கம்பளியச் சொருகி, சிவப்பு பல்ப மாட்டி, அதத்தான் டார்க் ரூமா ஆக்கி வச்சிருக்கேன். கவுத்த வாளி மேல பலகை, பலகை மேல நெகட்டிவப் பெரிசாக்கிப் பேப்பர்ல வுழ வைக்கிற என்லார்ஜர். அதுக்குத்தான் இந்த லென்ஸெல்லாம். நான் உள்ள போயிட்டா வீட்ல ஒருத்தரும் கை கால் கழுவ முடியாது. மாமியார் வந்து தட்டுவாங்க. "மாப்ள, இன்னும் எத்தன படம் பாக்கி?"ம்பாங்க. பாவம், அவங்க அவசரம் அவங்களுக்கு. கதவத் தெறந்தா பேப்பர் பூரா கருத்துப் போயிடும். தெறக்கலன்னா... சரி, அத விடுங்க.

விஷயம் என்னன்னா, என் சம்சாரம் போட்டோன்னாலே வாய இறுக்கி மூடிக்குவா. கல்யாணமான நாள்லேர்ந்து அப்படித்தான், பாஸ்போர்ட்டுக்கு உக்காந்தாப்பல. ஒரே ஒரு தடவ அவ தம்பி நாற்காலியோட பின்னால சாஞ்சு விழுந்தான் பாருங்க, அப்ப வாய்விட்டுச் சிரிச்சா. நான் சட்டுனு அமுக்கிட்டேன். அந்த நெகட்டிவப் பெரிசாப் போட்டு ஹால்ல மாட்டணும்னு தவங்கெடக்கறேன். அவ அப்படிச் சிரிக்கறது எனக்கு ரொம்பப் புடிக்கும் சார். அவகிட்ட சொன்னதில்ல. ஆனா புடிக்கும்.

மொத லென்ஸுல போட்டேன். சிரிப்பு வந்துச்சு, பல்லு சாம்பலா வந்துச்சு. பாத்துட்டு, "ஏங்க, நான் என்ன பல்லே வெளக்காதவளா?"ன்னா. ரெண்டாவதுலயும் அதே கதை, பால்ல சாம்பலக் கரைச்சாப்பல. என் மச்சினன் இருக்கானே, அந்த நாற்காலிக்காரன், அவன் வேற "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம் அத்தான்"ங்கறான். ஒழுங்கா உக்காரத் தெரியாதவன் பேசற பேச்சு!

இப்ப அவ முடிவாச் சொல்லிட்டா. ஞாயித்துக்கெழம ஒரு படம் போடுங்க, அதுலயும் நான் இதே கோலம்னா, திங்கக்கெழம அட்டையக் கிழிச்சுப் போட்டு பாத்ரூம பாத்ரூமா ஆக்கிடுவேன்னுட்டா. செய்வா சார். சொன்னா செய்யறவ.

அதனால இந்தத் தடவ நாலு பேர விசாரிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். சின்ன பிலிமுக்கு அம்பது எம்.எம். லென்ஸு, அதுக்கு மேல உள்ளதுக்கு எம்பது. நான் எம்பதுன்னா படம் இன்னும் பெரிசா வரும்னு கேட்டப்ப நீங்க சிரிச்சீங்களே, ஞாபகமிருக்கா? சிறுசாத்தான் வருமாமே. அப்புறம் உள்ள கண்ணாடி மூணு துண்டா ஆறு துண்டான்னு கேக்கணும். ஆறுன்னா ஓரம் வரைக்கும் கூர்மையா இருக்குமாம். வெளிச்சத்தக் கூட்டிக் கொறைக்கற வளையம் திருகறப்ப டக்கு டக்குனு நிக்கணும். வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா பூஞ்சை கீஞ்சை, கீறல் எதுவும் இருக்கக் கூடாது. குடுங்க, வாசப்பக்கம் நின்னு பாக்கறேன்...

அடேயப்பா. இது நீங்க வேலைக்கு வச்சிருந்த சொந்த லென்ஸா? தண்ணி மாதிரில்ல இருக்கு! இதையா எனக்குத் தர்றேங்கறீங்க? பெரிய மனசு சார் உங்களுக்கு.

என்ன கேக்கறீங்க, கொண்டு போயி என்ன பண்ணுவேன்னா? எடுத்ததும் மாட்டிட மாட்டேன் சார், அவ்வளவு வெவரங்கெட்டவன் இல்ல. நாலு கை பட்ட சாமானாச்சே. லென்ஸுன்னா சுத்தமா இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? அந்த ரெண்டையுமே கொண்டு போன கையோட, ஈரத்துணியில பல்பொடியத் தொட்டு, வட்ட வட்டமா, தோள்பட்டை கழண்டு போற அளவுக்குத் தேய்ச்சேன். எங்க வீட்டு வெள்ளிச் சாமானெல்லாம் அதுலதான் பளபளன்னு இருக்கு. இதையும் இன்னிக்கே...

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க?

எதுக்கு என்னுதையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வைக்கறீங்க... எங்க, இந்தப் பக்கமா சாய்ச்சா... அட. கோடு கோடா இருக்கே. வட்ட வட்டமா. வாங்கறப்ப இது இல்லியே. இது...

அப்ப அவ சிரிப்ப நாந்தான் தேய்ச்சு அழிச்சிருக்கேனா?

சார், சார், அத ஏன் திரும்ப டப்பாவுல போடறீங்க? இனிமே கை வைக்க மாட்டேன் சார். துணியே காட்ட மாட்டேன். வாயால ஊதக் கூட மாட்டேன். நீங்களே வந்து மாட்டிக் குடுத்துட்டுப் போங்க, நான் வெளியவே நிக்கறேன், மாமியார் பக்கத்துல. சார், எங்க போறீங்க? உள்ள லைட்ட ஏன் அணைக்கறீங்க? சார்... நாளான்னைக்கு ஞாயித்துக்கெழம சார்.